மீதி வாக்கியம் எங்கே? பருவநிலை, தூய ஆற்றல் பற்றிய செய்திகளைச் சரிபார்க்கும் முறை

இரண்டு மெகாவாட் திறனுள்ள ஒரு காற்றாலையில் 260 டன் எஃகு இருக்கிறது. அந்த எஃகைச் செய்ய 170 டன் நிலக்கரியும் 300 டன் இரும்புத்தாதும் வேண்டும். அவற்றைத் தோண்டுவதும் ஏற்றிச் செல்வதும் உருக்குவதும் புதைபடிவ எரிபொருளால்தான் நடக்கின்றன. ஆகவே அந்தக் காற்றாலை உடைந்து விழும்வரை சுழன்றாலும் தன்னைக் கட்டுவதற்குச் செலவான ஆற்றலைத் திருப்பித் தராது. ஒரு பேராசிரியரின் பெயரோடு, காற்றாலைப் படத்தின் மேல் எழுதப்பட்ட இந்தச் செய்தி பல ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் சுற்றி வருகிறது. எண்கள் இருக்கின்றன, பெயர் இருக்கிறது, காரண காரியமும் இருக்கிறது. ஐயப்படுவதற்கு இடமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த எண்கள் 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரைத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. கட்டுரையை எழுதியவர் டேவிட் ஹியூஸ் என்னும் புவியியலாளர். படத்தில் பெயர் இடம்பெற்ற பேராசிரியரோ அந்தத் தொகுப்பின் பதிப்பாசிரியர் மட்டுமே. மூலக் கட்டுரையில் எஃகுக் கணக்குக்கும் கடைசி வரிக்கும் நடுவே, நல்ல காற்று வீசும் இடத்தில் மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே செலவான ஆற்றல் திரும்பிவிடலாம் என்றும், காற்று போதாத இடத்தில் ஒருபோதும் திரும்பாமல் போகலாம் என்றும் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. அந்த நடு வரியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள். இடத்தைப் பார்த்து நிறுவுங்கள் என்று சொன்ன ஒரு பத்தி, காற்றாலையே ஏமாற்று என்று சொல்லும் பத்தியாக மாறிவிட்டது.

பருவநிலை பற்றிய தவறான செய்திகளில் முழுக்கப் புனையப்பட்டவை உண்டு; ஆனால் நெடுநாள் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. எண் உண்மையாகவே இருக்கும்; அதன் முன்பாதியோ பின்பாதியோ காணாமல் போயிருக்கும். ஆகவே சரிபார்ப்பவர் ‘இது பொய்யா?’ என்று கேட்பதைவிட, ‘இதில் எது வெட்டப்பட்டிருக்கிறது?’ என்று கேட்பதே அதிகப் பயன் தரும். கீழ்வரும் முறை அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது; அறிவியல் பட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

கூற்றைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு செய்தி கைக்கு வந்ததும் அதன் படம், தலைப்பு, கோபம், கேலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அது உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். பல செய்திகள் இந்த இடத்திலேயே சாயம் வெளுத்துவிடும். ஒரு வாக்கியமாக எழுதும்போது அவற்றில் சரிபார்க்கத்தக்க கூற்று எதுவும் இல்லை என்பது தெரிந்துவிடும். ‘விஞ்ஞானிகள் மறைக்கும் உண்மை’ என்பது கூற்று அன்று. ‘ஆண்டுதோறும் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் மனிதரின் பங்கு ஐந்து சதவீதத்தைத் தொடாது’ என்பது கூற்று. இதைச் சரிபார்க்க முடியும்.

இந்த இரண்டாவது கூற்றையே எடுத்துக்கொள்வோம். எண்ணில் பெரிய தவறு இல்லை. கடலும், தாவரங்களும், மண்ணில் மட்கும் பொருள்களும் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயு, மனிதர்கள் எரிபொருளை எரித்து வெளியிடும் ஏறத்தாழ 3,700 கோடி டன்னைவிடப் பன்மடங்கு அதிகம். ஆனால் அதே கடலும் தாவரங்களும் தாம் வெளியிடுவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வரவை மட்டும் காட்டிச் செலவை மறைத்த கணக்கேடு போன்றது அந்தச் சதவீதம். இருபுறமும் சமமாக இருந்த கணக்கில் ஒரு பக்கம் மட்டும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போனதால்தான், தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது 315ஐ எட்டியிருந்து, இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது. எரிமலைகளைக் காரணம் காட்டுபவர்களும் உண்டு. அவை ஆண்டுக்கு வெளியிடுவது மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியதே. கூடுதலாகச் சேர்ந்திருக்கும் கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதன் ஐசோடோப்பு விகிதமே (எடையில் சற்றே வேறுபடும் கார்பன் அணுக்களின் விகிதம்) சான்று சொல்கிறது: தொல்தாவரங்களிலிருந்து உருவான நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் உரிய தனி அடையாளம் காற்றில் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறது.

மூலம்வரை பின்னோக்கிச் செல்லுங்கள்

செய்தி வந்த பக்கத்திலேயே உட்கார்ந்து அதை எடைபோட முயல்வது நேர விரயம். நேர்த்தியான இலச்சினையும் ‘ஆய்வு மையம்’ என்ற பெயரும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடியவை. தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் சந்தேகம் வந்ததும் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று புதிய சாளரத்தில் தேடுகிறார்கள். அந்த அமைப்பை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது, மேற்கோள் காட்டிய ஆய்வு எந்த இதழில் வந்தது என்ற மூன்றையும் தேடினால் பெரும்பாலும் போதும். ஆய்வுக் கட்டுரை கிடைத்துவிட்டால் குறைந்தபட்சம் அதன் சுருக்கத்தையும் முடிவுரையையும் படியுங்கள். செய்தித் தலைப்பு சொன்னதற்கு நேர் எதிரான முடிவை அங்கே காண்பது அரிதான அனுபவம் அன்று.

படம் என்றால் வேலை இன்னும் எளிது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கடுங்குளிரில் சிக்கி, இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரமின்றித் தவித்தபோது, ஒரு ஹெலிகாப்டர் காற்றாலையின் பனியை நீக்கும் படம் பரவியது. எண்ணெயில் ஓடும் ஹெலிகாப்டர், எண்ணெயிலிருந்து செய்த இரசாயனத்தைத் தெளித்துக் காற்றாலையைக் காப்பாற்றுகிறது என்று கேலி செய்தது அதன் வாசகம். அந்தப் படத்தைத் தேடுபொறியின் படத்தேடலில் போட்டவர்களுக்குச் சில நொடிகளில் விடை கிடைத்தது: அது டெக்சாஸ் அன்று, ஸ்வீடன், எடுத்தது பல ஆண்டுகளுக்கு முன்பு, தெளிக்கப்பட்டது வெந்நீர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படம் பொய் என்று தெரிந்ததும் ‘டெக்சாஸில் காற்றாலைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை’ என்று எதிர்த்திசையில் ஓடிவிடக் கூடாது. குளிர்காப்பு வசதி இல்லாத பல காற்றாலைகள் அங்கே உறைந்து நின்றது உண்மைதான். ஆனால் திடீரென நின்றுபோன மின் உற்பத்தி அலகுகளில் பாதிக்கு மேற்பட்டவை இயற்கை எரிவாயுவால் இயங்குபவை. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் கருவிகளும் உறைந்ததே முதன்மைக் காரணம் என்று அந்நாட்டின் ஒழுங்காற்று அமைப்புகள் பின்னர் அறிக்கை அளித்தன. முழு விடை என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

தூய ஆற்றல் பற்றிய விவாதங்களில் குழப்பத்தின் பெரும்பகுதி அலகில் இருக்கிறது. வாட், கிலோவாட், மெகாவாட் ஆகியவை திறனைக் குறிப்பவை. ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் தர முடியும் என்பதைச் சொல்பவை. கிலோவாட் மணி என்பது ஆற்றல். மின்கட்டணப் பட்டியலில் நாம் யூனிட் என்று சொல்வது இதைத்தான். குழாயின் விட்டத்துக்கும் தொட்டியில் சேர்ந்த நீருக்கும் உள்ள வேறுபாடு இது. ஒரு செய்தி மெகாவாட்டில் பேசினால், அதை மெகாவாட் மணிக்கு மாற்றிப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

முதலில் பார்த்த காற்றாலைக்கு வருவோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இரண்டு மெகாவாட் காற்றாலை சராசரியாகத் தன் திறனில் 30 சதவீதம் அளவுக்கு இயங்குவதாகக் கொண்டால், 2 × 8,760 × 0.3, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 5,250 மெகாவாட் மணி மின்சாரம் கிடைக்கும். ஒரு டன் நல்ல நிலக்கரியில் அடங்கிய வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 8 மெகாவாட் மணி. ஆக 170 டன்னில் 1,360. வெப்பத்தையும் மின்சாரத்தையும் சரிசமமாக வைத்தாலும்கூட, எஃகுக்கான நிலக்கரியின் கணக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தீர்ந்துவிடுகிறது. அந்த நிலக்கரியை அனல்மின் நிலையத்தில் எரித்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகியிருக்கும் என்பதையும் கருதினால், ஒரு மாதம் சொச்சம்தான். கான்கிரீட், இறக்கைகள், போக்குவரத்து, பராமரிப்பு அனைத்தையும் சேர்த்துச் செய்யப்பட்ட வாழ்நாள் ஆய்வுகளிலும், நல்ல இடத்தில் நிற்கும் காற்றாலை பெரும்பாலும் ஓராண்டுக்குள் தன் ஆற்றல் கடனை அடைத்துவிடுகிறது. அதன் ஆயுளோ 20 ஆண்டுகளுக்கு மேல். படத்தில் இருந்த எண்களையே வைத்து, காகிதமும் பேனாவும் கொண்டு, படத்தின் முடிவை உடைத்துவிட முடிகிறது. இந்த ஒரு கணக்கைத் தன் கையால் போட்டவர் அடுத்த முறை இவ்வகைப் படத்தைப் பார்க்கும்போது தானாகவே பேனாவைத் தேடுவார்.

சோலார் தகடு பற்றி அடிக்கடி வரும் ஒரு குழப்பமும் இதே வகையைச் சேர்ந்தது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தகடு மின்சாரமாக்குகிறது என்பது ஓர் எண். ஓர் ஆண்டில் அதன் முழுத்திறனில் 15 முதல் 25 சதவீதம் அளவுக்கு உற்பத்தி கிடைக்கிறது என்பது முற்றிலும் வேறோர் எண். இவ்விரண்டையும் பெருக்கி, சூரிய ஆற்றலில் 4 சதவீதம்தான் பயன்படுகிறது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் திறன் குறிப்பிலேயே அந்த 20 சதவீதம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மேலும், வெயிலுக்கு எரிபொருள் செலவு கிடையாது என்பதால், ஒளியை மின்சாரமாக மாற்றும் திறன் குறைவாக இருப்பது இடத்தைத்தான் கூடுதலாகக் கேட்கும்.

மின்வாகனத்தைக் குறித்தும் இப்படித்தான். பேட்டரி செய்யும்போது கூடுதல் கரியமில வாயு வெளியாகிறது என்பது மெய். அதை ஓட்டிய தொலைவுடன் சேர்த்துப் பார்க்காமல் தொழிற்சாலை வாசலிலேயே கணக்கை முடித்துவிடுவதுதான் வெட்டு.

தொடக்க ஆண்டையும் அச்சையும் பாருங்கள்

வரைபடம் வந்தால் முதலில் அதன் கோட்டைப் பார்க்காதீர்கள், அச்சுகளைப் பாருங்கள். கிடைமட்ட அச்சு எந்த ஆண்டில் தொடங்குகிறது? 1998இல் தொடங்கினால் உஷாராக வேண்டும். அந்த ஆண்டு மிக வலிமையான எல் நினோ (பசிபிக் கடல்நீர் இயல்பைவிடச் சூடாகும் நிகழ்வு) காரணமாகப் புவியின் சராசரி வெப்பம் திடீரென உயர்ந்தது. மலை உச்சியில் நின்று அளக்கத் தொடங்கினால் அடுத்துவரும் நிலமெல்லாம் இறக்கமாகவே தெரியும். 1998 முதல் 2012 வரை வெட்டிய வரைபடத்தைக் கொண்டு புவி வெப்பமாதல் நின்றுவிட்டது என்று பல ஆண்டுகள் வாதிட்டார்கள். தொடக்கத்தை இரண்டு ஆண்டு முன்னேயோ பின்னேயோ நகர்த்துங்கள், முடிவை இன்றுவரை நீட்டுங்கள். அந்தச் சமதளம் கரைந்துவிடும். உலக வானிலை அமைப்பு பருவநிலையை 30 ஆண்டுச் சராசரியில் கணிப்பதற்கு இதுவே காரணம்.

செங்குத்து அச்சில் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. பூச்சியத்திலிருந்து 50 டிகிரி வரை அச்சை நீட்டிவிட்டு, புவியின் சராசரி வெப்பநிலையை அதில் வரைந்தால் கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். ஆனால் கண்டங்களின் பெரும்பரப்பைப் பனிப்பாளங்கள் மூடியிருந்த கடைசிப் பனியுக உச்சத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்கும் இடையே உலகச் சராசரி வேறுபாடு 6 டிகிரியை ஒட்டியதே. பனியுகமே சிறு சரிவாகத் தெரியும் அச்சு, எதையும் காட்டுவதற்கு வரையப்பட்ட அச்சு அன்று.

நம் பக்கத்து வெட்டுகளையும் பிடியுங்கள்

இந்த அளவுகோலை நமக்குப் பிடிக்காத செய்திகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது எளிது. நானும் அப்படித்தான் இருந்தேன். ‘உலகம் அழிய இன்னும் 12 ஆண்டுகள்’ என்ற செய்தியை 2018இல் கொஞ்சமும் யோசிக்காமல் பலருக்கு அனுப்பினேன். அந்த ஆண்டு ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. வெளியிட்ட சிறப்பு அறிக்கையைப் பின்னர் புரட்டிப் பார்த்தபோதுதான், வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதைகளில் கரியமில வாயு வெளியீடு 2010ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைய வேண்டியிருக்கும் என்பதே அதிலிருந்த செய்தி என்று தெரிந்தது. அழிவுக்கான நாள் எதுவும் அதில் குறிக்கப்படவில்லை. அதுபோலவே, 2024இல் உலகச் சராசரி வெப்பம் 1850–1900 கால அளவைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி உயர்ந்ததும் பாரிஸ் ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று எழுதினார்கள். அந்த ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி வரம்பு நீண்டகாலச் சராசரியைக் குறித்தது, ஒற்றை ஆண்டைக் குறித்தது அன்று. நிலைமை மோசம் என்பதற்குக் கூடுதல் சாயம் தேவையில்லை. சாயம் வெளுக்கும் நாளில் உண்மையான பகுதியையும் சேர்த்தே மக்கள் நம்ப மறுப்பார்கள்.

வணிக நிறுவனங்களின் பசுமை விளம்பரங்களிலும் மீதி வாக்கியம் அடிக்கடி காணாமல் போகிறது. ஹைட்ரஜன் எரியும்போது நீர் மட்டுமே வெளியாகும் என்பது வேதியியல். ஹைட்ரஜன் தூய எரிபொருள் என்பது விளம்பரம். ஒரு கிலோ ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இன்று உலகில் உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதே. நீரை மின்னாற்பகுத்து எடுத்தால் கிலோவுக்கு 50 கிலோவாட் மணிக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஐ.பி.சி.சி. 2014இல் தொகுத்த வாழ்நாள் கணக்குப்படி ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490 கிராம், பெரிய சோலார் நிலையம் 48 கிராம், தரைக் காற்றாலை 11 கிராம், அணுமின் நிலையம் 12 கிராம் என்ற அளவில் கரியமில வாயுவுக்கு ஈடான வாயுக்களை வெளியிடுகின்றன. 50ஐ 820ஆல் பெருக்கிப் பாருங்கள்: நிலக்கரி மின்சாரத்தில் எடுத்த ஒரு கிலோ ‘தூய’ ஹைட்ரஜனுக்கு 41 கிலோ. அதே 50ஐ 11ஆல் பெருக்கினால் அரைக் கிலோவைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே ‘கார்பன் சமன்’, ‘பசுமை’, ‘பூச்சிய உமிழ்வு’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம்வரை கணக்கெடுத்தார்கள், எவ்வளவை உண்மையிலேயே குறைத்தார்கள், எவ்வளவை மரம் நடுவதாகச் சொல்லி ஈடுகட்டினார்கள் என்று கேளுங்கள்.

நிபுணரையும் கருத்தொற்றுமையையும் எடைபோடுதல்

ஒரு கூற்றின் பின்னால் பெரிய பட்டமோ நீண்ட கையெழுத்துப் பட்டியலோ இருந்தால், அந்தப் பட்டம் எந்தத் துறையில் என்று பாருங்கள். மனிதர் வெளியிடும் வாயுக்களால் பேரழிவான வெப்பமாதல் வரும் என்பதற்குச் சான்றில்லை என்று கூறி 1998இல் தொடங்கிய ஓரிகன் மனுவில் 31,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் கையெழுத்திட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அறிவியல், பொறியியல், மருத்துவம் போன்றவற்றில் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தாலே அதில் கையெழுத்திடலாம் என்பது அந்தச் செய்தியில் வருவதில்லை. மறுபுறம், ‘97 சதவீத விஞ்ஞானிகள்’ என்று சொல்வதிலும் ஒரு விளக்கம் தேவை. 2013ஆம் ஆண்டு ஆய்வு ஏறத்தாழ 12,000 கட்டுரைச் சுருக்கங்களைப் பார்த்தது; அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாதலுக்கு மனிதர்கள் காரணம் என்பது பற்றி எந்த நிலைப்பாடும் எடுக்கவில்லை. நிலைப்பாடு எடுத்தவற்றில்தான் 97 சதவீதம் அதை ஏற்றன. ‘மொத்தத்தில் ஏற்றது 33 சதவீதம்கூட இல்லையே’ என்று எதிர்வாதம் செய்பவர்கள், உயிரியல் கட்டுரைகள் ஒவ்வொன்றும் உயிரணு இருக்கிறது என்று அறிவித்துவிட்டுத் தொடங்குவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம்பத்தக்க அமைப்புக்கு ஓர் அடையாளம், தன் பிழையைத் தானே வெளியிடுவது. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று 2007ஆம் ஆண்டு ஐ.பி.சி.சி. அறிக்கையில் வந்த வரி சான்றற்றது என்பதை அந்த அமைப்பே 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. வெப்பநிலைப் பதிவுகளையே ஐயுற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி எர்த் என்ற குழுவைத் தொடங்கித் தரவுகளை முதலிலிருந்து மீண்டும் அலசி, பதிவுகள் சரி, வெப்பமாதலுக்குக் காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதர்களே என்று 2012இல் வெளிப்படையாக அறிவித்தார். ஐயப்படுவதும் கூற்றை ஏற்க மறுத்து உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பிறரிடம் எடுத்துச் சொல்லும்போது

சரிபார்த்து முடித்தபின் அதை அனுப்பியவரிடம் சொல்வதுதான் கடினமான பகுதி. குழுவில் எல்லார் முன்பும் திருத்துவதைவிடத் தனியே எழுதுவது நல்லது. அவமானப்பட்டவர் தன் தரப்பைக் கூடுதல் வலுவுடன் பிடித்துக்கொள்வார். உண்மையிலிருந்தே தொடங்குங்கள்: ‘நல்ல இடத்தில் நிறுவிய காற்றாலை ஓராண்டுக்குள் தன் ஆற்றல் செலவைத் திருப்பித் தந்துவிடுகிறது.’ அதன் பிறகு, தவறான செய்தி ஒன்று சுற்றுகிறது என்பதை ஒரே ஒரு முறை குறிப்பிடுங்கள். அடுத்து, அது எப்படி ஏமாற்றியது என்பதைக் காட்டுங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பொய் என்று மட்டும் சொன்னால் கேட்பவரின் மனத்தில் ஓர் ஓட்டை விழுகிறது. வெட்டப்பட்ட வரியை எடுத்துக் காட்டும்போது அந்த ஓட்டை நிரம்பிவிடுகிறது. இறுதியில் மீண்டும் உண்மையைச் சொல்லி முடியுங்கள். சரியான பகுதி ஏதேனும் இருந்தால் அதை ஒப்புக்கொள்ளத் தயங்காதீர்கள். காற்று குறைந்த இடத்தில் காற்றாலை நட்டால் பயனில்லை என்று ஹியூஸ் சொன்னது முற்றிலும் சரிதான்.

தவறான செய்தியை அனுப்பியவர் நீங்களாகவே இருந்தால், அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அழித்த செய்தி அதற்குள் எங்கெங்கோ போயிருக்கும். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கே, எது தவறு, எது சரி, எங்கே பார்த்து உறுதிசெய்தீர்கள் என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். 12 ஆண்டுக் கதைக்கு நான் அப்படி எழுதியபோது மூன்று பேர் பதில் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஐ.பி.சி.சி. அறிக்கையின் இணைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.